அழுத்தத் தெரியாத கையும் பழைய ஸ்பீக்கரும்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும் என்று எங்கள் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. திருத்தங்கலைத் தாண்டி இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். பெண்ணாக இருந்தாலும் போர்மேன்தான். அதற்கு இன்னொரு பெயர் வைக்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. என் பொறுப்பில் பத்துப் பன்னிரண்டு ரூம்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக, தள்ளித் தள்ளிக் கட்டியது. ஒரு ரூமுக்கு நாலு பேர். வெடிமருந்து இருக்கிற இடத்தில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் வேலை பார்க்கிறவர் திடுக்கிடுவார், திடுக்கிட்டால் கையில் இருப்பது கீழே விழும். அதனால் திட்டுவதைக்கூட நான் பிள்ளையைத் தூங்க வைக்கிற குரலில்தான் திட்டுவேன். "இந்தா தாயி, இன்னொரு தடவை இப்பிடிச் செஞ்சீகன்னா கேட்டுக்கு வெளியதான் நிப்பீக" என்று காதருகே மெல்லச் சொன்னால் போதும். பெரிய சத்தத்தைவிட அது நன்றாக வேலை செய்யும்.

பதினெட்டு வருடமாக இந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் வேலை வாங்கியிருக்கிறேன். என் ரூம்களில் ஒரு சின்னத் தீப்பொறிகூடப் பறந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. சொல்லிக்கொள்ளாமல் அடக்கமாக இருக்கிற குணம் என்னிடம் இல்லை.

தீபாவளி முடிந்து சில வாரம் கம்பெனி பூட்டிக் கிடக்கும். திரும்பத் திறக்கும்போது புதுசாக ஆட்கள் வருவார்கள். பெரும்பாலும் சுற்றுவட்டக் கிராமங்களில் வயல்காட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள். அவர்களை மருந்துப் பக்கம் விடுவதற்கு முன்னால், கேட்டுக்குப் பக்கத்தில் ஆபீசை ஒட்டி இருக்கிற சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார வைத்து, பாதுகாப்பு உரை ஒன்றைப் போட்டுக் காட்டுவது வழக்கம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது ஏற்றி வைத்திருந்தது. பழைய ஸ்பீக்கர் ஒரு ஜோடி, அதோடு சத்தத்தைக் கூட்டித் தருகிற ஒரு மரப்பெட்டி. மூன்றையும் கொட்டகையைப் பார்த்த ஜன்னல் திட்டில் வைத்து, ஒயரை உள்ளே இருக்கிற கம்ப்யூட்டரில் சொருகிவிடுவோம். மருந்து இருக்கிற ரூம்களெல்லாம் அங்கிருந்து வெகு தூரம்.

அந்த உரையை எங்கேயோ ஸ்டூடியோவில் பதிவு செய்திருந்தார்கள். வீணை இசை முதலில் ஓடும். பிறகு ஒருவர் கனத்த குரலில், "அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே, உராய்வின் விளைவாக உருவாகும் வெப்பமானது" என்று ஆரம்பிப்பார். பத்து நிமிடம். பெண்கள் எல்லோரும் கும்பாபிஷேகத்துக்கு வந்தவர்கள் மாதிரி பக்தியாகத் தலையை ஆட்டிவிட்டு எழுந்து வருவார்கள்.

போன வருடம் அப்படித் தலையாட்டிவிட்டு வந்த ஒரு பெண், ரூமுக்குள் நுழைந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, மருந்து நிரப்பிய சக்கரங்கள் இருந்த தட்டைத் தரையோடு இழுத்தாள். எங்கள் வேலையில் எதையும் இழுக்கக் கூடாது. தூக்கித்தான் வைக்க வேண்டும். நான் வாசலில் நின்றிருந்தேன். இரண்டே எட்டில் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். தட்டு நின்றது.

"இழுக்கக் கூடாதுன்னு இப்பத்தானே கேட்டுட்டு வந்தீக?" என்றேன்.

அவள் மலங்க மலங்க விழித்தாள். "அதுல அப்பிடி ஒண்ணும் சொல்லலியேக்கா."

'உராய்வு' என்று புத்தகத் தமிழில் சொன்னால் இவளுக்கு என்ன புரியும் என்று எனக்கு அந்தக் கனத்த குரல்காரர்மேல் ஆத்திரமாக வந்தது. இந்த வருடம் கம்பெனி திறப்பதற்கு முந்தின வாரம், ஆள் எடுக்கிற வேலை நடந்துகொண்டிருக்கும்போது, மானேஜரிடம் போய் நின்றேன். நல்ல மனுசர். முதலாளிக்கும் எங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு இருபது வருடமாகச் சிரித்த முகம் காட்டுகிறவர். இந்த உரை வேண்டாம், நம்ம ஆட்களுக்கு நம்ம பேச்சில் நானே பேசுகிறேன் என்றேன்.

"நீங்க பேசினா நல்லதுதான். ஆனா புது ஆளு ஒரே நாளா வாறாக? இன்னைக்குப் பத்துப் பேரு, நாளைக்கு அஞ்சு பேரு. ஒவ்வொரு தடவையும் ரூமை விட்டுட்டு நீங்க இங்கன வந்து நிக்க முடியுமா?" என்று கேட்டார்.

அதுவும் நியாயம்தான். அப்படியானால் என் குரலைப் பதிவு செய்து போடுங்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"சரி. திங்கக்கிழமை முதல் பேட்ச். கொட்டகையில கடைசி வரிசைக்குத் தெளிவாக் கேக்கணும். கேட்டா இனிமே ஒங்களுதுதான். கேக்கலைன்னா இந்த வருசம் பூராவும் பழசுதான், அதுக்கப்புறம் இதைப் பத்திப் பேசக் கூடாது."

நான் தலையாட்டினேன். அந்தத் தட்டை மறுபடி ஒருத்தி இழுப்பதும் இழுக்காமல் இருப்பதும் இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. எப்போதும் நான் வாசலில் நின்றுகொண்டிருக்க முடியாது.

வீட்டில் என் வீட்டுக்காரருடைய போனில் பேசிப் பதிவு செய்தேன். எழுதி வைத்துப் படிக்கவில்லை. ரூமுக்குள் எப்படிப் பேசுவேனோ அப்படியே. இரண்டு தடவை பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தது, ஒரு தடவை தெருவில் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்துவிட்டார். நாலாவது தடவை சரியாக அமைந்தது. எட்டு நிமிடம். கேட்டுப் பார்த்தேன், எனக்கே திருப்தியாக இருந்தது. வீட்டுக்காரர் அதை ஆபீஸ் அக்காவுடைய போனுக்கு அனுப்பி வைத்தார்.

ஆபீஸ் அக்கா என்பது ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். முழங்கால் வலி. அதனால் மேசைக்கு அடியில் குனிந்து ஒயர் சொருகுகிற வேலை எப்போதும் என்னுடையது. வெள்ளிக்கிழமை சாயந்தரம் அலமாரியிலிருந்து ஸ்பீக்கரை எடுத்து, துடைத்து, ஜன்னல் திட்டில் வைத்து, நானே சொருகினேன். மானேஜர் கொட்டகையில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அக்கா கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த என் குரலைப் போட்டார்.

கிணற்றுக்குள் விழுந்தவள் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கிற எனக்கே வார்த்தை பிடிபடவில்லை.

"வால்யூமைக் கூட்டுங்கக்கா" என்றேன். திரையின் ஓரத்தில் இருந்த ஸ்பீக்கர் படத்தை அக்கா அமுக்கினார். அங்கே ஏற்கெனவே நூறு. அதற்குள்ளே இன்னொரு இடத்தில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு இருக்கிறது என்று அக்காவுக்கு ஞாபகம் வந்தது. தேடிப் பிடித்துப் பார்த்தால், பாட்டு ஓடுகிற புரோகிராமின் அளவு பாதியில் இருந்தது. அதையும் மேலே ஏற்றினார். கிணற்றிலிருந்து அரையடி மேலே வந்தேன், அவ்வளவுதான்.

மரப்பெட்டியில் இருந்த திருகைத் திருப்பினால் கரகரவென்று மணல் அரைபட்டது. உள்ளே தூசி போய்விட்டது என்று அக்கா சொல்ல, நான் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இருபது தடவை திருப்பினேன். கரகரப்பு போனது, சத்தம் கூடவில்லை. பெட்டிக்குப் பின்னால் ஒரு ஓட்டை. அதில் குச்சியை விட்டுத் துழாவியதில் இரண்டு பல்லி முட்டை ஓடு வந்து விழுந்தது. "இதுதான் அடைச்சுக்கிட்டு இருந்திருக்கு" என்று அக்கா சந்தோசப்பட்டார். பல்லிக்கும் ஒன்றும் சம்பந்தமில்லை. வேறு பிளக் பாயின்டில் கரண்ட் கொடுத்தோம். கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டோம். ஒயரைப் பின்னால் இருந்து பிடுங்கி முன்னால் இருக்கிற துளையில் சொருகினேன், மறுபடி பின்னாலேயே சொருகினேன். எதற்கும் அசையவில்லை.

மானேஜர் எழுந்து வந்தார். "பழசைப் போடுங்க, பாப்போம்."

வீணை கணீரென்று வந்தது. கொட்டகை முழுவதும் நிறைந்தது.

"பாத்தீகளா? ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு, என் மனசு நோகக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, ரொம்ப இதமாகச் சொன்னார்: "ஒங்க கொரலுதாம்மா எடுபடல."

அவர் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். இத்தனை வருடம் நாற்பது ஐம்பது பேரை இந்தக் குரலில் கட்டி நிறுத்தியவளைப் பார்த்துக் குரல் எடுபடவில்லை என்றால் எப்படி இருக்கும்? ஸ்பீக்கரைக் கழற்றினேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்றேன். எடுத்துப் போங்கள் என்று கை காட்டினார்.

பஸ்ஸில் மடியில் மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர். கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, கல்யாண வீட்டுக்கா? எங்களுக்கும் ஒரு பாட்டுப் போடுங்க" என்றார். நான் முறைத்த முறைப்பில் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரர் திருத்தங்கலில் ஒரு பிரஸ்ஸில் மிசின் ஓட்டுகிறவர். காலண்டர் சீசனில் அவர் பகலில் வீட்டுக்கு வருவதே அபூர்வம். அந்தச் சனிக்கிழமை மதியம் வந்திருந்தார். நான் மூன்று வாக்கியத்தில் விசயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், மரப்பெட்டியைத் தரையில் வைத்து, ஒயரை எடுத்துத் தன்னுடைய போனில் சொருகி, என் குரலைப் போட்டுவிட்டார்.

வீடு அதிர்ந்தது. அலமாரியில் சாத்தி வைத்திருந்த எவர்சில்வர் தட்டு ஒன்று சரிந்து விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, "என்ன மைனி, யாரைத் திட்டுதீக? தட்டை இழுக்காதீகங்கிறீக, நாங்க எந்தத் தட்டை இழுத்தோம்?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் நீரும் வந்தது. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "ஒன் கொரலுக்கு என்ன கொறைச்சல் புள்ள? கம்ப்யூட்டர்லதான் கோளாறு. திங்கக்கிழமை அதைத் தட்டிப் பாக்கச் சொல்லு."

என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னைப் பாராட்டியது மொத்தமாக இரண்டு தடவை. இது மூன்றாவது. அன்றைக்கும் மறுநாளும் நான் தரையில் கால் பாவாமல்தான் திரிந்தேன்.

திங்கட்கிழமை அரை மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். ஸ்பீக்கரை ஜன்னல் திட்டில் வைத்து, குனிந்து, சொருகி, நிமிர்ந்து, அக்காவைப் போடச் சொன்னேன்.

மறுபடியும் கிணறு.

என் முகத்தில் ஈயாடவில்லை. வீட்டுக்காரருடைய போனைக் கொண்டுவரலாம் என்றால் அவர் விடியற்காலையிலேயே அதோடு பிரஸ்ஸுக்குப் போயாயிற்று. என்னுடைய போனிலும் அக்காவுடையதிலும் அந்த ஒயர் சொருகுகிற துளையே கிடையாது. மானேஜர் ரூமில் இன்னொரு கம்ப்யூட்டர் உண்டு. அதில் முதலாளி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அக்காவுடைய கம்ப்யூட்டரிலேயே பின்னால் இருந்த துளையிலும் முன்னால் இருந்த துளையிலும் மாற்றி மாற்றிச் சொருகிப் பார்த்தேன். இதற்குள் பஸ் வந்துவிட்டது. புதுப் பெண்கள் நாற்பது பேர் கொட்டகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

மானேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்மா. நேரமாகுது. பழசைப் போடுங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் கொட்டகைக்குள் போனேன். எல்லோர் முன்னாலும் கோபத்தைக் காட்டக் கூடாது என்பதற்காகக் கடைசி வரிசை வரைக்கும் நடந்துபோய், ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று வருடமாக அந்த உரையைப் போடுகிறோம். ஒரு தடவைகூட நான் கடைசி வரிசையில் உட்கார்ந்ததில்லை. எப்போதும் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், அதிகாரமாக, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வீணை வந்தது. கணீரென்றுதான் வந்தது. அது கொஞ்சம் தணிந்து, குரல் வரவேண்டிய இடமும் வந்தது. குரல் வரவில்லை. ஏதோ ஒரு முணுமுணுப்பு, தூரத்துக் கோயிலில் யாரோ மைக்கைத் தட்டுகிற மாதிரி. அதற்கு மேல் வீணை மட்டும் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த பெண் தலையாட்டிக்கொண்டிருந்தாள். "என்ன சொல்லுதாரு?" என்று கேட்டேன்.

"நல்லாச் சொல்லுதாருக்கா."

"என்ன சொன்னாரு, அதைச் சொல்லுங்க."

அவள் கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "பாட்டு நல்லாருக்கு" என்றாள்.

என் குரல் மட்டும் காணாமல் போகவில்லை. அந்தக் கனத்த குரல்காரருடையதும் காணாமல்தான் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் வீணையைக் கேட்டுவிட்டு, எல்லாம் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டோம். அவர் பேசுவதை நாங்கள் யாரும் ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை, அதனால் அவர் பேச்சு காணாமல் போனதும் எங்களுக்குத் தெரியவில்லை. ஸ்பீக்கர் இசையை விட்டுவிட்டுக் குரலை மட்டும் விழுங்குகிறது. இங்கேதான் விழுங்குகிறது, வீட்டில் விழுங்கவில்லை. வீட்டில் சொருகியது என் வீட்டுக்காரர். இங்கே பின்பக்கத் துளை, முன்பக்கத் துளை எல்லாவற்றிலும் சொருகியது நான்.

எழுந்து ஆபீசுக்குள் போனேன். எங்கள் கம்பெனியில் ஓடவும் கூடாது, அதனால் நடந்துதான் போனேன். மேசைக்கு அடியில் குனிந்து, அக்காவிடம் போன் வெளிச்சத்தை வாங்கிப் பின்னால் அடித்துப் பார்த்தேன். ஒயர் முனையில் இருக்கிற உலோகப் பின் துளைக்குள்தான் இருந்தது. ஆனால் முழுசாக இல்லை. பச்சைத் துளைக்கும் ஒயரின் கறுப்பு முனைக்கும் நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளிக்கோடு மினுங்கியது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வேலையில் முதல் நாள் படிக்கிற பாடம், எதையும் பலமாக அழுத்தாதே என்பது. குழாய்க்குள் மருந்தைச் செலுத்தும்போதும் சரி, திரியை வைக்கும்போதும் சரி, கை போய் எங்கே லேசாகத் தட்டுகிறதோ அங்கே நின்றுவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் போகுமே என்று தள்ளக் கூடாது. பதினெட்டு வருடம் அப்படிப் பழகிய கை இது. வீட்டில் நான் பாட்டில் மூடியைத் திருகினால் ஒழுகும். கதவைச் சாத்தினால் தாழ்ப்பாள் விழாது. பின்னைச் சொருகும்போதும், லேசாகத் தட்டுப்பட்ட இடத்தில் கை தானாக நின்றிருக்கிறது. என் வீட்டுக்காரர் கை மிசினில் போல்ட்டு முறுக்குகிற கை. அது ஒரே அழுத்தாக அழுத்தியிருக்கிறது.

கட்டை விரலை வைத்து அழுத்தினேன். போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை அழுத்தினேன். 'டக்' என்றது. நாங்கள் வேலை பார்க்கிற இடத்தில் யாரும் கேட்க விரும்பாத சத்தம் அது.

மறு நொடி, ஜன்னலுக்கு வெளியே, "வெப்பமானது தீப்பற்றுவதற்குக் காரணமாக அமைகிறது!" என்று அந்த மனுசர் இடி மாதிரி முழங்கினார். நாற்பது பெண்களும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஒரு தூக்குவாளி உருண்டது.

பின்னாளில் சிவகாசியில் போன் ரிப்பேர் பார்க்கிற ஒருவர் எனக்கு இதை விளக்கினார். ஒயரின் பின் பாதியிலேயே நின்றுவிட்டால் அதில் உள்ள இணைப்புகள் இடம் மாறிப் போகுமாம். இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவாக வருவது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடுமாம். பேச்சுதான் அப்படிப் பொதுவாக வருவது. இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறாக வருகிற இசை மட்டும் தப்பித்துக்கொள்ளும். ரொம்பச் சாதாரணமான விசயம் என்றார். அவருக்குச் சாதாரணம்.

மேசைக்கு அடியில் இருந்து எழுந்திருக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. போன வருடம் அந்தத் தட்டை இழுத்தவள் நினைவுக்கு வந்தாள். அதுல அப்பிடி ஒண்ணும் சொல்லலியேக்கா என்றாளே, அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அவளுக்கு எதுவும் சொல்லப்படவில்லை. வீணைதான் கேட்டிருக்கிறது. மூன்று வருடமாகக் குனிந்து சொருகியது நான். நான் புத்தகத் தமிழைத் திட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மானேஜர் உள்ளே வந்தார். "என்ன செஞ்சீக? திடீர்னு இப்பிடிக் கத்துது?"

"பின் முழுசாப் போகலை சார். மூணு வருசமாவே போகலை. சொருகினது நான்தான். தப்பு எம்மேல" என்றேன்.

அப்படிச் சொன்னது எனக்கு லேசாக வரவில்லை. ஆனால் எங்கள் வேலையில் தப்பை மறைக்கிறவரை நானே கேட்டுக்கு வெளியே அனுப்பியிருக்கிறேன். எனக்கு மட்டும் வேறு சட்டம் வைத்துக்கொள்ள முடியாது. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கோபப்படவில்லை. தலையைச் சொறிந்தார்.

"சரி விடுங்க. இப்பத்தான் நல்லாக் கேக்குதே. இதையே ஓட விட்ருவோம்."

போன உயிர் திரும்பி வந்த மாதிரி எனக்குக் கோபம் திரும்பி வந்தது. "கடைசி வரிசைக்குக் கேட்டா என்னுதுன்னு சொன்னீக. கேக்குதா இல்லையான்னு என்னுதைப் போட்டாத்தானே தெரியும்?" என்றேன். ரூமுக்குள் பேசுகிற அதே குரலில்தான்.

அவர் பேச்சு மாறாதவர். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு, தானே கொட்டகைக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அதற்குள் பழைய உரை முடிந்திருந்தது. கடைசிப் பாதி தெளிவாகக் கேட்டும், பெண்கள் அமைதியாகத் தலையை ஆட்டியபடியேதான் இருந்தார்கள்.

அக்கா என்னுடையதைப் போட்டார்.

"வாங்க தாயீ, எல்லாரும் வாங்க. சாப்பிட்டீகளா?" என்று நான் ஆரம்பித்திருந்தேன். ரூமுக்குள் நுழைந்தால் நான் எப்போதும் கேட்பது அது.

"சாப்பிட்டோம்" என்றார்கள் முன்வரிசையில் நாலைந்து பேர்.

ஜன்னலுக்கு உள்ளே நின்ற நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். என் குரல் வெளியே போய்க்கொண்டிருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை. சொல்லப்போனால் நேரில் பேசுவதைவிட நன்றாக இருந்தது.

"மருந்துத் தட்டு கீழ இருக்கு. அதை அந்தப் பக்கம் வைக்கணும். இழுப்பீகளா, தூக்குவீகளா?"

ஒரு கணம் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாற்பது பேரும் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி, "தூக்குவோம்!" என்றார்கள். ஸ்பீக்கர் சத்தம் போன இடமே தெரியவில்லை. நான் அதற்குப் பிறகு செம்புத் தகட்டைப் பற்றிச் சொல்லியிருந்தேன். ரூமுக்குள் கால் வைக்கும் முன்னால் வாசலில் இருக்கிற தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது. அந்த வாக்கியம் அவர்கள் பதிலுக்குள் அமுங்கிப் போனது. அடுத்ததாக, உரசினால் பொறி தட்டக்கூடிய பூட்டூசியை, அதாவது சேலை ஊக்கைப் பற்றி என் குரல் கேட்டது: "சேலையில ஊசி குத்தியிருக்கீகளா?" ஆளாளுக்குக் குனிந்து பார்த்து, "இல்லக்கா", "எங்கிட்ட ஒண்ணு இருக்கு", "இங்கன தாங்க அதை" என்று ஒரே இரைச்சல். அதற்கு அடுத்த வாக்கியமும் போயிற்று.

மானேஜர் கடைசி பெஞ்சில் இருந்து எழுந்து, கையை ஆட்டி, "நிறுத்துங்க, நிறுத்துங்க! இங்கன ஒண்ணும் கேக்கலை!" என்று கத்தினார்.

அக்காவை நிறுத்தச் சொன்னேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் கேக்குது. இவுகளைத்தான் அடக்க முடியல. பதில் சொல்லுறதுக்கு எடமே விடாம அடுத்ததுக்குப் போயிட்டீகளேம்மா. திரும்பப் பேசிக் கொண்டாங்க."

எனக்கு அப்போது வந்த பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூக்கு விடைத்தது என்று அக்கா இன்னமும் சொல்லிக் காட்டுகிறார். விடைத்திருக்கும். அன்றைய மிச்சத்தை நானே கொட்டகையில் நின்று நேரில் பேசி முடித்தேன். என் கை தப்புச் செய்த கைதான். ஆனால் அழுத்தத் தெரியாத அந்தக் கையால்தான் பதினெட்டு வருடம் ரூம்கள் நின்றன. இனிமேல் பின் சொருகுவது மட்டும் வேறு யாராவது செய்யட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயந்தரம் வீட்டில் திரும்பப் பதிவு செய்தேன். ஒவ்வொரு கேள்வி கேட்ட பிறகும் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டு, அதற்குப் பிறகுதான் அடுத்த வாக்கியம். இவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார் வீட்டுக்காரர். எட்டு நிமிடமாக இருந்தது பதினொன்று ஆனது.

புது ஆள் வருகிற அன்றெல்லாம் காலையில் அதுதான் ஓடுகிறது. ரூம்களுக்குப் போகிற வழியில் நான் கொட்டகையின் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு நிமிடம் நிற்பேன். முன்னால் என் குரல் கேள்வி கேட்டுவிட்டு நிற்கும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே, முகம் தெரியாத பெண்கள் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். அவர்கள் சொல்லி முடித்த பிறகுதான் நான் மேலே பேசுகிறேன்.